தத்துப் போன பிள்ளைகள் – 4: கடிதமே வழக்கானது

வெளிநாட்டுத் தம்பதிக்குக் குழந்தையைத் தத்துக் கொடுக்க இந்தியாவில் 1980களின் தொடக்கத்தில் தனிச் சட்டமே இருக்கவில்லை என்று சென்ற வாரம் பார்த்தோம். 1956ஆம் ஆண்டுத் தத்துச் சட்டம் இந்துக்களுக்கு மட்டும். எல்லா மதத்தாருக்கும் பொதுவாக 1972இல் வந்த மசோதா கைவிடப்பட்டது. 1980இல் வந்ததும் கரைசேரவில்லை.

தத்து ஏஜென்சிகளுக்குக் கைகொடுத்தது 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம். மாவட்ட நீதிமன்றம் வெளிநாட்டவரைக் 'காப்பாளர்' ஆக்கும். பிள்ளை விமானம் ஏறும். தத்து அங்கே போய் நடக்கும். நடந்ததா என்று இங்கிருந்து விசாரிக்க ஆளில்லை.

1982இல் லட்சுமி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் வந்த செய்தியைப் பார்த்துவிட்டு உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். பிஞ்சுக் குழந்தைகள் உயிரைப் பணயம் வைத்து நெடுந்தூரம் அனுப்பப்படுகிறார்கள். பிழைத்துப் போய்ச் சேர்ந்தவர்களில் சிலர் கவனிப்பாரின்றிப் பிச்சைக்கும் பாலியல் தொழிலுக்கும் தள்ளப்படுகிறார்கள் என்பது அவர் புகார்.

நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே ரிட் மனுவாக ஏற்றது. செப்டம்பர் 1 அன்று மத்திய அரசுக்கும் இரண்டு தேசிய நல அமைப்புகளுக்கும் நோட்டீஸ் போனது.

1984 பிப்ரவரி 6. நீதிபதி பி.என். பகவதி எழுதிய தீர்ப்பு, நாடாளுமன்றம் போடாத சட்டத்தின் வேலையைச் செய்தது. இனி வெளிநாட்டவர் நேராக வந்து பிள்ளை கேட்க முடியாது. அவர் நாட்டு அரசு ஏற்ற ஏஜென்சி பரிந்துரைக்க வேண்டும். இங்கே மனுப்போடும் ஏஜென்சிக்கும் அரசு அங்கீகாரம் வேண்டும். தத்துக் கொடுக்கும் தொழிலில் இல்லாத வேறொரு அமைப்பு ஒவ்வொரு மனுவையும் சரிபார்க்க வேண்டும். பராமரிப்புச் செலவாக நாளுக்கு 60 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது. பிள்ளை பேரத்துக்கு இதுவே முதல் பூட்டு.

பெற்ற தாய்க்கும் தீர்ப்பில் காப்பு இருந்தது. பிரசவத்துக்கு முன்போ, பிறந்த மூன்று மாதத்துக்குள்ளோ பிள்ளையைக் கொடுக்கும்படி அவளைத் தூண்டக் கூடாது. மனமொப்பிக் கொடுத்தால் ஒப்படைப்புப் பத்திரத்தில் பெற்றோர் கையெழுத்து. கீழே பொறுப்புள்ள இருவரின் சாட்சிக் கையெழுத்து.

இந்தத் தீர்ப்பைத் தொடர்ந்து 1990இல் மத்திய தத்து ஆணையமான 'காரா' பிறந்தது. அங்கீகாரம், ஆய்வு, நீதிமன்றம் என்று அடுக்கடுக்காகக் காவல். ஆனால் அத்தனை அடுக்கும் ஒரே காகிதத்தை நம்பியே நின்றன. நீதிபதி மேசைக்கு வந்தது அந்தப் பத்திரம்தான், தாய் வரவில்லை.

2005, சென்னை. பிள்ளை பிடிக்கும் கும்பல் ஒன்று போலீஸில் சிக்கியது. தெருவோரத்திலும் குடிசைப் பகுதியிலும் தூக்கிய குழந்தைகளைத் தத்து மையம் ஒன்றுக்கு விற்றதாக விசாரணையில் தெரியவந்தது. அந்த மையம் அரசு அங்கீகாரம் பெற்றது. பிள்ளைகளில் சிலர் எப்போதோ கடல் கடந்திருந்தார்கள், முறையான கோர்ட் உத்தரவோடு. கோப்புகளில் ஒப்படைப்புப் பத்திரமும் இருந்தது.

பெற்றவர்கள் போலீஸ் நிலையத்தில் 'பிள்ளையைக் காணோம்' என்று அழுதுகொண்டிருக்க, 'தாய்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டது யார்?

(அடுத்த வாரம்)