உட்கார்ந்தா, நடந்தா, பஸ் ஏறினா... போனுக்கு எப்படித் தெரியுது?

பண்ருட்டியில் பஸ் ஏறி நெய்வேலி ஆர்ச் கேட்டில் இறங்குகிறார் ஒருவர். வழியெல்லாம் சீட்டில்தான் இருந்தார். ஆனாலும் சட்டைப் பையில் இருந்த போன், ரோட்டுக் குலுக்கலை நடையாக நினைத்து சில ஸ்டெப்ஸைச் சேர்த்து எண்ணியிருக்கலாம். மற்றபடி 'இவர் வண்டியில் போகிறார்' என்று போன் பெரும்பாலும் சரியாகவே கண்டுபிடித்துவிடும். கேமரா இல்லாமல் எப்படி?

குலுக்கல்தான் கணக்கு

போனுக்குள் 'ஆக்சிலரோமீட்டர்' என்ற பொடிச் சென்சார் இருக்கிறது. மேலும் கீழும், இடமும் வலமும், முன்னும் பின்னும் ஏற்படும் அசைவை அது அளக்கும். போனை மேஜையில் வைத்தாலும் அது 9.8 என்று புவியீர்ப்பைக் காட்டிக்கொண்டே இருக்கும். போன் நிற்கிறதா, படுத்திருக்கிறதா என்பது இதில்தான் தெரிகிறது. திரும்புவதையும் சுழல்வதையும் கவனிக்க 'ஜைரோஸ்கோப்' தனியாக உண்டு.

நடந்தால் ஒரே சீரான ஏற்ற இறக்கம் பதிவாகும். ஓடினால் அதுவே உயரமாகவும் நெருக்கமாகவும் வரும். பஸ் என்றால் ஒழுங்கில்லாத அதிர்வு. உட்கார்ந்திருப்பதையும் நிற்பதையும் பிரிப்பதுதான் கஷ்டம், இரண்டிலும் உடம்பு அசையாதே!

யார் நடந்து காட்டியது?

எது நடை, எது ஓட்டம் என்று போனுக்கு முதலில் சொல்லித்தர வேண்டும். ஆராய்ச்சியாளர்கள் அதிகம் பயன்படுத்தும் ஒரு தரவுத் தொகுப்பு 2012-ல் பொதுவெளிக்கு வந்தது. 30 பேர் இடுப்பில் சாம்சங் கேலக்ஸி எஸ்2 போனைக் கட்டிக்கொண்டு நடந்தார்கள், படி ஏறி இறங்கினார்கள், உட்கார்ந்தார்கள், நின்றார்கள், படுத்தார்கள். ஆறே செயல்கள்தான். நொடிக்கு 50 முறை அசைவு பதிவானது. அதை 2.56 நொடித் துண்டுகளாக வெட்டித்தான் கம்ப்யூட்டருக்குப் பாடம் நடத்தினார்கள்.

இந்தப் பட்டியலில் பலா மரம் ஏறுவது இல்லை. பண்ருட்டியில் மரமேறி, பழத்தைக் கயிறு கட்டி இறக்குபவரின் வேலையை இப்படிப் படித்த போன் எதில் சேர்க்கும்? தனக்குத் தெரிந்த ஆறில் ஒன்றில்தான். அதைவிட மோசம் முந்திரி உடைக்கும் பெண்களின் கணக்கு. கை நாள் முழுக்க ஓயாது. பக்கத்தில் தரையில் கிடக்கும் போனோ 'அசைவில்லை' என்றே எழுதும். ஸ்டெப்ஸை மட்டும் பார்த்து ஒருவரின் உழைப்பை எடைபோட்டால் இந்தப் பெண்கள் சோம்பேறிகள் ஆகிவிடுவார்கள்!

பெங்களூரு பாணி

இதே சென்சாரை ரோட்டைப் படிக்கவும் பயன்படுத்தலாம். பெங்களூருவில் உள்ள மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சி மையம் 2008-ல் 'நெரிசெல்' என்ற முறையை வெளியிட்டது. போன் பையில் எப்படிச் சாய்ந்து கிடந்தாலும் திசையைச் சரிசெய்துகொண்டு ரோட்டுப் பள்ளம், திடீர் பிரேக் ஆகியவற்றை அது கண்டுபிடித்தது. மைக் வழியாக ஹாரன் சத்தத்தையும் சேர்த்துக்கொண்டது. ஸ்மார்ட்போன் பரவாத காலத்தில் இது பெரிய விஷயம்தான்.

அனுமதி யாருக்கு?

2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல், போன் கணித்த நடை, ஸ்டெப்ஸ் விவரத்தை எடுக்க ஆப்கள் அனுமதி கேட்டாக வேண்டும். செட்டிங்ஸில் 'பர்மிஷன் மேனேஜர்', அதில் 'பிசிக்கல் ஆக்டிவிட்டி' போனால் யாருக்கெல்லாம் கொடுத்திருக்கிறோம் என்று தெரியும். ஐபோனில் 'பிரைவசி' பகுதியில் 'மோஷன் அண்ட் ஃபிட்னஸ்'.

ஆனால் இங்கே ஒரு ஓட்டை இருக்கிறது. ஆண்ட்ராய்டில் ஆக்சிலரோமீட்டரின் நேரடி அளவை எடுக்க அந்த அனுமதி தேவையில்லை. ஆண்ட்ராய்டு 12-ல் கொண்டுவந்த கட்டுப்பாடும் நொடிக்கு 200 முறைக்கு மேல் அளந்தால்தான். மேலே சொன்ன 30 பேரின் அசைவைப் பிரித்தறிய 50 முறையே போதுமாக இருந்தது.