எம்டனின் வயிறு

1914, செப்டம்பர் 22. இரவு ஒன்பதரை மணி. சென்னைத் துறைமுகத்தை அடுத்திருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிகின்றன! கடலிலிருந்து பாய்ந்த குண்டுகள் ஏறத்தாழ 125. அரை மணிகூட ஆகவில்லை. தேடுவிளக்கை அணைத்துவிட்டு இருளிலே மறைந்தது ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன். மூட்டை முடிச்சுகளுடன் நகரை விட்டு ஓடினர் மக்கள். எவரையும் ஏய்க்கவல்ல எத்தனுக்கு 'எம்டன்' என்றே பெயர் சூட்டிற்று தமிழகம்.

மாயக் கப்பல்! மந்திரக் கப்பல்! அப்படித்தான் பேசிற்று ஊர். நாம் கேட்பது வேறு: அந்த மாயத்துக்குத் தீனி போட்டது யார்?

எம்டன் நீராவிக் கப்பல். அதன் வயிறு கொள்ளும் நிலக்கரி எண்ணூறு டன் அளவே. விரைந்தோடினால் அது பன்மடங்கு வேகத்தில் தீரும். ஸ்பீ என்ற தளபதியின் கடற்படை 1914 ஆகஸ்டில் பசிபிக் கடலின் பாகன் தீவில் இருந்தபோது, எம்டன் மட்டும் தனியே பிரிந்து இந்தியப் பெருங்கடலுக்கு வந்தது. துணை, மார்க்கோமானியா என்ற கரிக்கப்பல் ஒன்றே. கொழும்பிலே கரி உண்டு, கல்கத்தாவிலே உண்டு, சிங்கப்பூரிலே உண்டு. ஆனால் அங்கெல்லாம் பறந்தது பிரிட்டிஷ் கொடி! சுமத்ராவை அடுத்த சிமலூர்த் தீவில் ஒதுங்கிக் கரி ஏற்றினால், நடுநிலை நாட்டு டச்சு அதிகாரி வந்து, புறப்படுங்கள் என்கிறார்.

என்ன செய்தார் கப்பல் தலைவர் கார்ல் வான் முல்லர்? மாற்றான் அடுப்பிலேயே கை வைத்தார். செப்டம்பர் 10-ஆம் நாள், ஆங்கிலேயருக்காகக் கரி சுமந்து வந்த போன்டோபோரோஸ் என்ற கிரேக்கக் கப்பல் சிக்கியது. அதில் இருந்தது 6,500 டன். ஆனால் இந்தியக் கரி, புகை மிகுதி. ஒளிந்து வாழ்பவனுக்குப் புகை எத்தகைய பகை! அதே நாளில் சிக்கிய இண்டஸ் கப்பலில் சோப்பு ஏராளம். கரியேற்றிக் கறுத்த மாலுமிகளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? செப்டம்பர் 27-இல், பிரிட்டிஷ் கடற்படைக்கென ஹாங்காங் நோக்கிச் சென்ற புரெஸ்க் அகப்பட்டது. அதிலிருந்தவை 6,600 டன் உயர்ந்த வேல்ஸ் நாட்டுக் கரி. வேட்டையாட வேண்டியவன் உணவே வேட்டைப் பொருளாயிற்று!

கரியேற்றும் கொடுமையைச் சற்று எண்ணிப் பாருங்கள். நடுக்கடலிலே இரு கப்பல்களையும் பக்கம் பக்கமாகக் கட்டவேண்டும். அலை எழும், இரும்போடு இரும்பு மோதும், இடையே பாய்களும் சுருட்டிய தூங்குபடுக்கைகளும் நசுங்கும். வெப்ப மண்டல வெயிலில், கண்ணிலும் மூக்கிலும் கரித்தூள் ஏற, மூட்டை மூட்டையாகச் சுமந்தனர் மாலுமிகள். அந்நேரம் பகைக் கப்பல் வந்தால் கட்டறுத்து ஓடுவதற்குள் கதை முடிந்துவிடும். முல்லரின் பெயரை உலகு அறியும். மூட்டை சுமந்த முதுகுகளை எந்த ஏடு எண்ணிற்று?

அக்டோபரில் டீகோ கார்சியாத் தீவை அடைந்தது எம்டன். பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட தீவுதான்! ஆனால் போர் மூண்டு இரண்டு திங்களாகியும் அங்குள்ளோர்க்குச் செய்தி எட்டவில்லை. கரியேற்றிக்கொண்டு, அவர்களுடைய பழுதான மோட்டார் படகையும் செப்பனிட்டுக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டனர் ஜெர்மானியர்.

அக்டோபர் 12-இல் சுமத்ராப் பக்கம் மார்க்கோமானியா மூழ்கடிக்கப்பட்டது; போன்டோபோரோசும் பறிபோயிற்று. எஞ்சிய கரிக்கப்பல்களுள் உடன் வந்தது புரெஸ்க்.

நவம்பர் 9. கொக்கோஸ் தீவின் தந்தி நிலையத்தை அழிக்க ஐம்பது பேரளவில் கரையிறக்கினார் முல்லர். கரியேற்றப் புரெஸ்கையும் வரச் சொல்லி அழைப்பு விடுத்தார். காலை ஒன்பது மணியளவில் தொலைவிலே புகை தெரிந்தது. கரி வருகிறது என்றே எண்ணினர். வந்ததோ ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி! நிலையத்தார் அனுப்பிய எச்சரிக்கை கேட்டு விரைந்து வந்த அக்கப்பலின் பீரங்கிகளும் பெரியவை, வேகமும் மிகுதி. குண்டடிபட்ட எம்டன் வடக்குக் கீலிங் தீவின் பாறையில் ஏறிச் சிதைந்தது.

பின்னரே புரெஸ்க் கண்ணிற்பட்டது. சிட்னி துரத்திப் பிடித்தபோது, அதிலிருந்த ஜெர்மானியர் அடித்தளத்துக் குழாய்களைத் திறந்துவிட்டிருந்தனர். மிச்சமிருந்த கரியோடு அது கடலில் இறங்கிக் கொண்டிருந்தது.