விசைப்பலகையில் வீற்றிருக்கும் தமிழ்

தமிழ் எழுத்துகள் 247. தட்டச்சுப் பொறியின் விசைகளோ மிகச் சில. இச்சிக்கலை அவிழ்த்த முன்னோடி, யாழ்ப்பாணத்தில் பிறந்து, நம்மைப் போலவே கடல் கடந்து, சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா ஆவார். தட்டினும் தாளை நகர்த்தாத 'நகரா விசை'களை அவர் அமைத்தார். புள்ளியை முதலில் தட்டிப் பின் எழுத்தைத் தட்ட, இரண்டும் ஓரிடத்தில் பதிந்து மெய்யெழுத்தாயின.

கணினி வந்தபின், 1999ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு 'தமிழ்99' விசைப்பலகையை ஏற்றது. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. ஆக 31 விசைகளே 247 எழுத்துகளுக்கும் போதும். ககரத்தையும் இகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டினால், ஒவ்வொரு விசையும் தனக்குரிய குறியெண்ணைக் கணினிக்கு அனுப்புகிறது. கணினி அவற்றைக் கூட்டிக் 'கி' எனத் திரையில் காட்டுகிறது. உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய்யாகும் என்னும் நம் இலக்கணமே இங்குப் பொறியின் நெறியாயிற்று.

2020 ஆகஸ்டில் சென்னையையும் அந்தமான் தீவுகளையும் இணைக்கும் கடலடிக் கண்ணாடியிழை வடம் திறக்கப்பெற்றது. பொறி உண்டு, வழியும் உண்டு, பழகிய விரல்களே இனி வேண்டுவன. தாயகத்துப் பாட்டிக்கு நம் சிறார் எழுதும் மடல், ஆங்கில எழுத்தில் ஒளிந்த தமிழாக அன்றித் தமிழெழுத்திலேயே சென்று சேர்வதாக! அப்பயிற்சியை இல்லந்தோறும் இவ்வாண்டே தொடங்குவோம்.