குளோரோஃபார்ம் கர்ச்சீப்பும் ஹைதராபாத் கமிஷனும்

நம்ம சினிமா வில்லன்களிடம் எப்போதும் ஒரு கர்ச்சீப் இருக்கும். ஹீரோயின் மூக்கில் அழுத்தினால் இரண்டே நொடியில் ஆள் சாய்ந்துவிடுவார். நிஜத்தில் குளோரோஃபார்ம் அப்படி வேலை செய்யாது. சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் ஆள் திமிறுவார், மூச்சை அடக்குவார். முகரும் மயக்க மருந்து எவ்வளவு வேகத்தில் ரத்தத்தில் ஏறுகிறது என்பது இன்று மாணவர்களுக்குப் பரீட்சைக் கேள்வி. 19-ஆம் நூற்றாண்டில் அது உயிர்ப் பிரச்சினை. அதைச் சுற்றி நடந்த பெரிய சண்டை ஒன்றின் களம் லண்டன் இல்லை, நம் பக்கத்து ஹைதராபாத்!

முதலில் கொஞ்சம் முன்கதை. 1846 அக்டோபரில் பாஸ்டனில் மார்ட்டன் ஈதர் கொடுத்துக் காட்டினார். அடுத்த வருடமே எடின்பரோவில் சிம்ப்சன் குளோரோஃபார்மைக் கொண்டுவந்தார். ஈதர் நெடி தாங்காது; இருமல் வரும், நோயாளி ஆழமாக இழுக்க மாட்டார், அதனால் மயக்கம் மெதுவாக வரும். குளோரோஃபார்ம் இனிப்பு வாசனை. கொஞ்சம் போதும், சீக்கிரம் தூக்கும்.

இந்தியாவில் இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. ஈதர் கொதிப்பது சுமார் 35 டிகிரியில். எங்கள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் மே மாத வெயில் 40-ஐத் தொடும்போது பாட்டிலைத் திறந்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். குளோரோஃபார்மின் கொதிநிலை 61. ஆனால் அதிலும் ஒரு சிக்கல். 20 டிகிரியில் காற்றில் ஐந்தில் ஒரு பங்கு வரை அதன் ஆவி சேரலாம். 30 டிகிரியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதே துணி, அதே சொட்டுகள், ஆனால் நோயாளிக்குப் போகும் அளவு வேறு.

1848 ஜனவரியில் இங்கிலாந்தில் ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண், கால் நகம் எடுக்க குளோரோஃபார்ம் கொடுத்த சில நிமிடங்களில் இறந்துபோனாள். நகம் எடுக்கப் போய் உயிர் போயிற்று. ஜான் ஸ்னோ (காலராவுக்குத் தண்ணீர்தான் காரணம் என்று காட்டினாரே, அவரேதான்) அப்போதே சொன்னார்: கைக்குட்டையில் ஊற்றிக் கொடுத்தால் செறிவு கைமீறிவிடும், 4, 5 சதவீதம் போதும் என்று. வெப்பநிலைக்கு ஏற்ப ஆவி எவ்வளவு சேரும் என்று கணக்கிட்டு, தண்ணீர்த் தொட்டி வைத்த கருவியே செய்தார். பலர் கேட்கவில்லை. கைக்குட்டை சுலபம் அல்லவா?

ஹைதராபாத்தின் ரெசிடென்சி சர்ஜன் எட்வர்ட் லாரி எடின்பரோவில் படித்தவர். அவர் கொள்கை இதுதான்: குளோரோஃபார்ம் இதயத்தைத் தொடாது, மூச்சைத்தான் நிறுத்தும்; அதனால் நாடியை மறந்துவிட்டு மூச்சை மட்டும் பார். நிஜாம் மஹபூப் அலி கான் ஆதரவில் 1888-இல் முதல் கமிஷன் நாய்களிடம் சோதித்து அதையே சொன்னது. லண்டனின் லான்செட் இதழ் நம்பவில்லை. நிஜாம் விடுவாரா? உங்கள் ஆளையே அனுப்புங்கள் என்று 1000 பவுண்டு கொடுத்தார். இதயத்துக்கு ஆபத்து உண்டு என்று நம்பிய லாடர் பிரன்டன் 1889-இல் வந்து, நூற்றுக்கணக்கான விலங்குகளில் சோதனை செய்து, லாரி பக்கமே சாய்ந்துவிட்டார்! அந்த ஆய்வில் ஹைதராபாத் மருத்துவப் பள்ளியில் படித்த ரூபா பாய் ஃபர்தூன்ஜியும் பங்கெடுத்தார். உலகின் முதல் பெண் மயக்க மருத்துவர்களில் ஒருவர். நம் பாடப் புத்தகத்தில் இந்தப் பெயரைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

என் பார்வையில், கமிஷன் சரியாகப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. நோயாளி திமிறி மூச்சை அடக்கி, பிறகு ஆழமாக இழுக்கும்போதுதான் மருந்து ஒரேயடியாக உள்ளே போகிறது. திமிறும்போது துணியை முகத்திலிருந்து எடுத்துவிடு என்றார்கள். வேகம் மூச்சைப் பொறுத்தது என்பதை அவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அதிலிருந்து "இதயத்துக்கு ஆபத்தே இல்லை" என்று தாவியதுதான் பிழை. 1911-இல் குட்மன் லெவி பூனைகளில் காட்டினார்: லேசான குளோரோஃபார்ம் மயக்கத்தில் அட்ரினலின் சேர்ந்தால் இதயத்தின் கீழறைகள் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடும். அதாவது, பயந்துபோன நோயாளியும் அரைகுறை மயக்கமும் சேர்ந்தால் ஆபத்து. நாடியை மறந்துவிடு என்பது எவ்வளவு பெரிய பந்தயம் பாருங்கள். இதற்கு நடுவே, 1903 வாக்கில் வெர்னன் ஹார்கோர்ட் 2 சதவீதத்துக்கு மேல் ஆவியை விடாத கருவியைச் செய்தார். ஸ்னோ இறந்து 45 வருடம் ஆகியிருந்தது.

சரி, இன்றைய கணக்கு என்ன? செறிவும் மூச்சும் தவிர, மருந்து ரத்தத்தில் எவ்வளவு கரைகிறது என்பது முக்கியம். நிறையக் கரைந்தால் சீக்கிரம் தூக்கும் என்றுதான் தோன்றும். நேர் எதிர்! காய்ந்த மணலில் ஊற்றிய தண்ணீர் போல ரத்தம் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நுரையீரலில் அழுத்தம் ஏறாது, மூளையிலும் ஏறாது. ஈதரின் கரைதிறன் எண் 12, 1956-இல் வந்த ஹாலோத்தேனுக்கு 2.4, செவோஃப்ளூரேனுக்கு வெறும் 0.65. இதயம் வேகமாக ரத்தத்தைத் தள்ளினாலும் மருந்து நுரையீரலிலிருந்து அடித்துச் செல்லப்பட்டு மயக்கம் தாமதமாகும். குழந்தைகளுக்கு உடல் அளவோடு ஒப்பிட்டால் மூச்சு அதிகம், அதனால் சீக்கிரம் தூங்கிவிடுவார்கள். இன்று குழந்தைகளுக்கு முகமூடி வழியாகக் கொடுப்பது பெரும்பாலும் செவோஃப்ளூரேன்தான்: நெடி இல்லை, ஒரு நிமிடம் சொச்சத்தில் கண் சொருகும். அப்போதும் வில்லன் கணக்கில் அது ரொம்ப லேட்!