'கொல்லி ஹில்ஸ்'... ஒரு மலைக்கு எதுக்கு 'ஸ்'? இங்கிலீஷ் பன்மையில் நாம் சறுக்கும் இடங்கள்

நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் கொல்லிமலையை தமிழில் 'மலை' என்று ஒருமையில்தான் சொல்கிறோம். அதுவே இங்கிலீஷில் 'கொல்லி ஹில்ஸ்' என்று பன்மையாகிவிடுகிறது. ஏன்?

கொல்லிமலை தனியாக நிற்கும் ஒரே குன்று இல்லை, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. இப்படிப்பட்ட மலைத்தொடர்களுக்கு இங்கிலீஷில் பெரும்பாலும் பன்மைப் பெயர்தான். 'ஈஸ்டர்ன் காட்ஸ்', 'நீல்கிரிஸ்' எல்லாமே அப்படித்தான்.

ரெஸ்யூம், இன்டர்வியூ, போட்டித் தேர்வு என எல்லா இடத்திலும் நம்மை மாட்டிவிடுவது இந்த 'ஸ்'தான். கொல்லிமலையை ஒரு ரவுண்டு வந்தாலே விஷயம் புரிஞ்சிடும். வாங்க, பார்க்கலாம்.

70 வளைவு... 'ஸ்' எங்கே வரும்?

மலைப்பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். தமிழில் 'எழுபது வளைவு' என்றாலும் தப்பில்லை. எண்ணே பன்மையைச் சொல்லிவிடுவதால், அஃறிணையில் 'கள்' கட்டாயமில்லை. இங்கிலீஷில் கட்டாயம். 'செவன்ட்டி ஹேர்பின் பெண்ட்ஸ்' என்றுதான் சொல்லணும்.

'ஸ்' சேர்வது முக்கியச் சொல்லான 'பெண்ட்' மேல்தான், 'ஹேர்பின்' மேல் இல்லை. இதே கணக்கில், மாமியார்கள் என்றால் 'மதர்ஸ் இன் லா'. 'மதர் இன் லாஸ்' இல்லை.

அருவி ஒண்ணுதானே?

'ஒரு வாட்டர்ஃபால்ஸ் பார்த்தேன்' என்று சொல்பவர்கள் அதிகம். பெயராகச் சொல்லும்போது 'ஆகாய கங்கை ஃபால்ஸ்' சரி. பொதுவாக ஒரு அருவி என்றால் 'எ வாட்டர்ஃபால்' மட்டும்தான்.

அதன் உயரம் சுமார் 300 அடி. இதை '300 ஃபீட் ஹை' என்று சொல்லலாம். ஆனால் அருவிக்கு முன்னால் அடைமொழியாக வந்தால் 'எ 300 ஃபுட் வாட்டர்ஃபால்' என ஒருமையாகிவிடும். 'டென் இயர் ஓல்டு பாய்' என்பதும் இதே விதிதான்.

மிளகு விற்பவர்கள் கவனத்துக்கு!

கொல்லிமலை மிளகுக்கு நல்ல பேர் உண்டு. இங்கிலீஷில் அது 'பெப்பர்', ஒருமை மட்டுமே. பாக்கெட்டில் 'பெப்பர்ஸ்' என்று போட்டால், வெளிநாட்டுக்காரர் குடைமிளகாய் அல்லது மிளகாய் என்று நினைத்துக்கொள்வார்.

அதே மலையில் விளையும் சாமை, தினை, கேழ்வரகு எல்லாவற்றையும் சேர்த்துச் சொன்னால் 'மில்லட்ஸ்'. இங்கே 'ஸ்' பல வகைகளைக் குறிக்கிறது. ஐ.நா. அறிவித்த 2023 சர்வதேச சிறுதானிய ஆண்டின் பெயரிலும் 'மில்லட்ஸ்'தான்.

'ஷீப்' ஏன் மாறுவதில்லை?

ஒரு ஆடும் 'ஷீப்', நூறு ஆடும் 'ஷீப்'. 'டீர்' (மான்) கூட அப்படித்தான். பழைய இங்கிலீஷ் காலத்திலேயே இவற்றுக்குப் பன்மை விகுதி கிடையாது. நமக்கும் இது புதுசு இல்லை. 'மாடு வந்தது', 'மாடு வந்தன' என்று இரண்டும் சொல்லலாமே! தமிழ் இலக்கணத்தில் இதற்குப் பெயர் பால்பகா அஃறிணைப் பெயர். வினையை வைத்துத்தான் ஒருமையா பன்மையா என்று தெரியும். அங்கேயும் 'ஷீப் இஸ்', 'ஷீப் ஆர்'.

அதிகம் சறுக்குவது இங்கேதான்

தகவல்கள், அறிவுரைகள் என்று தமிழில் சொல்வதால், 'இன்ஃபர்மேஷன்ஸ்', 'அட்வைஸஸ்' என்று எழுதிவிடுகிறோம். இரண்டுமே தப்பு. ஃபர்னிச்சர், லக்கேஜ், எக்யூப்மென்ட் ஆகியவற்றுக்கும் 'ஸ்' வேண்டாம். நாம் 'அரிசிகள்' என்று சொல்வதில்லை, 'ரெண்டு படி அரிசி' என்போம். அதுபோல 'டூ பீஸஸ் ஆஃப் அட்வைஸ்' என்று எண்ணணும்.

இதற்கு நேர் எதிர் தப்பும் உண்டு. 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' தப்பு. பலரில் ஒருவர் என்பதால் 'ஃப்ரெண்ட்ஸ்'.

'பீப்பிள்ஸ்' சரியா?

சரிதான், ஆனால் அர்த்தம் வேறு. 'பீப்பிள்' என்றாலே பன்மை, மக்கள். பல இனக்குழுக்களைச் சொல்லும்போது 'பீப்பிள்ஸ்'. ஆகஸ்ட் 9-ம் தேதி வரும் உலகப் பழங்குடிகள் தினத்தின் இங்கிலீஷ் பெயரில் இருப்பது இந்தச் சொல்தான். கொல்லிமலையில் வாழும் மலையாளி பழங்குடியினரைப் போன்ற சமூகங்கள் ஒவ்வொன்றும் தனித்தனி இனம் என்பதை அந்த ஒரு 'ஸ்' சொல்கிறது.

அனுப்பும் முன் 3 கேள்வி

மெயிலோ ரெஸ்யூமோ அனுப்பும் முன் இதை மட்டும் பாருங்க: ஒண்ணா, பலவா? இங்கிலீஷில் அதை எண்ண முடியுமா? கூட்டுச்சொல் என்றால் முக்கியச் சொல் எது? இந்த மூணையும் பார்த்தாலே பாதி சறுக்கல் குறைஞ்சிடும்.