சுரங்கம் செதுக்கிய மட்டக்குதிரை

மட்டக்குதிரையைப் பார்த்ததும் குதிரைக்குட்டி என்று நினைத்துவிடுகிறவர்கள் உண்டு. குட்டி வளர்ந்தால் குதிரையாகும். மட்டக்குதிரை வளர்ந்து முடிந்தும் அவ்வளவுதான். பந்தயமும் கண்காட்சியும் நடத்துகிறவர்கள் குதிரைக்கும் மட்டக்குதிரைக்கும் நடுவே ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் அளந்தால் 14 கையும் 2 அங்குலமும்; ஒரு கைக்கு 4 அங்குலம் என்பதால் மொத்தம் 58 அங்குலம். அதைத் தாண்டினால் குதிரை. ஆனால் ஐஸ்லாந்துக் குதிரைகளில் பெரும்பாலானவை இந்தக் கோட்டுக்குக் கீழேதான் நிற்கின்றன. அவற்றை மட்டக்குதிரை என்றால் அந்நாட்டார் சண்டைக்கு வருவார்கள். உயரத்தைவிட உடல்வாகுதான் நம்பத்தக்க அடையாளம்: உடம்பை நோக்கக் கால் குட்டை, எலும்பு தடிப்பு, வயிறு பீப்பாய்போல அகலம், பிடரிமயிரும் வாலும் அடர்த்தி, தீனி குறைவு. இந்த வாகுக்கு எங்கே, எதற்காக விலை கிடைத்தது என்று தேடினால், பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே கடலில் கிடக்கும் ஷெட்லாந்துத் தீவுகளில் மரம் அபூர்வம், காற்று ஓயாது. அங்கே குதிரைகள் தரிசில் மேய்ந்தன. குளிர்காலத்தில் கரையொதுங்கிய கடற்பாசியையும் தின்றன. பெரிய உடம்பு அங்கே பட்டினியால் செத்திருக்கும். 42 அங்குலத்துக்கு மேல் போகாத, ஆனால் உருவத்துக்கு மிஞ்சிய பாரம் இழுக்கும் பிராணி அங்கே நிலைத்தது. இந்தக் குட்டை உருவம் டர்ஹாம், நார்தம்பர்லாந்துப் பகுதிகளின் சுரங்க முதலாளிகளுக்கு வரப்பிரசாதமானது. நம் நெய்வேலிபோலத் திறந்தவெளியில் தோண்டும் சுரங்கங்கள் அல்ல அவை. கரிப்படுகையின் தடிப்பு எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவே பாதையின் உயரம். மேற்கூரையை உயர்த்தப் பாறையை வெட்டினால் அது வெறும் செலவு, விற்க முடியாத கல். பாதையை உயர்த்துவதைவிடக் குட்டையான மிருகத்தை வாங்குவது மலிவாக இருந்தது.

1842ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களையும் 10 வயதுக்குட்பட்ட சிறுவர்களையும் நிலத்தடி வேலையிலிருந்து விலக்கியது. அந்தக் கருணையால்தான் மட்டக்குதிரை உள்ளே வந்தது என்று சொல்வது வழக்கம். பாதி உண்மை. இடுப்பில் வாரும் சங்கிலியும் கட்டிக் கரிவண்டி இழுத்தவர்கள் வெளியேறியபின் ஷெட்லாந்துக் குதிரைகளுக்குக் கிராக்கி ஏறியது மெய்தான். ஆனால் குதிரைகள் அதற்கு முந்தைய நூற்றாண்டிலேயே வடகிழக்கு இங்கிலாந்தின் சுரங்கங்களில் இறங்கிவிட்டன. 10 வயது தாண்டிய சிறுவர்கள் அதே குதிரைகளை ஓட்டிக்கொண்டு உள்ளேயே இருந்தார்கள். சட்டம் ஒரு கணக்கை மாற்றியது. அந்தக் கணக்குக்குத் தோதான உடம்பு ஏற்கெனவே தீவில் இருந்தது.

அப்படியானால் உடம்பைச் செய்தது தீவுதான், சுரங்கம் அதைப் பயன்படுத்திக்கொண்டது, அவ்வளவே என்று ஒருவர் வாதிடலாம். லண்டன்டெரி பிரபுவின் பண்ணை அந்த வாதத்தை நிற்கவிடுவதில்லை. டர்ஹாமில் சுரங்கங்கள் வைத்திருந்த அவர் 1870களில் ஷெட்லாந்தின் பிரெசே, நாஸ் தீவுகளில் குதிரைப்பண்ணை தொடங்கினார். நோக்கம் ஒளிவுமறைவற்றது: எவ்வளவு கனம் முடியுமோ அவ்வளவு, அதுவும் தரைக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு. சுரங்கத்துக்கு ஆண் குதிரைகளே வேண்டியிருந்ததால் நல்ல பொலிகுதிரைகள் தீவுகளிலிருந்து தொடர்ந்து வெளியேறின; மிஞ்சியவற்றைக்கொண்டு நடந்த இனப்பெருக்கத்தில் தரம் சரிந்தது. இனத்தைக் காக்கவென்று 1890இல் வம்சாவளிப் பதிவேட்டுச் சங்கம் அமைந்தது. அந்தப் பண்ணை 1899இல் கலைந்தாலும், இன்றைய ஷெட்லாந்துக் குதிரைகளின் பரம்பரையைப் பின்தொடர்ந்தால் பெரும்பாலும் அங்கேதான் போய் முட்டும். இயற்கை கொடுத்த குட்டையை முதலாளி பொறுக்கிப் பொறுக்கி இறுக்கினார் என்பதே சரி.

உள்ளே அவற்றின் வாழ்வு எப்படி? செங்குத்துக் குழிச் சுரங்கங்களில் தொழுவமே நிலத்தடியில்தான். சுவருக்குச் சுண்ணாம்பு, தீனிக்கு நறுக்கிய உலர்புல்லும் மக்காச்சோளமும். பிடரிமயிரைக் கத்தரித்து, கூரையில் இடிபடாமலிருக்கத் தலைக்குத் தோல்கவசம் மாட்டினார்கள். கொடுமை மட்டுமே நடந்தது என்று சொன்னால், தன் சோற்றுப்பொட்டலத்தில் பாதியைக் குதிரைக்கு ஊட்டிய ஓட்டுநர்களுக்கு அநியாயம் செய்வதாகும். ஆனால் அன்பை நம்பி அரசு சும்மா இருக்கவில்லை. 1887 சட்டம் ஆய்வாளர்களுக்குக் குதிரைகளைக் கவனிக்கும் அதிகாரம் தந்தது. 1911 சட்டம் நான்கு வயதுக்குட்பட்டதை இறக்கக்கூடாது, குருடானதை வேலைவாங்கக்கூடாது என்றது. அப்படி எழுதிவைக்க வேண்டியிருந்தது என்பதே அதற்கு முன் நடந்ததைச் சொல்கிறது. 1913 வாக்கில் பிரிட்டனின் சுரங்கங்களில் சுமார் 70,000 குதிரைகள் உழைத்தன. அத்தனையும் ஷெட்லாந்து அல்ல. உயரமான பாதைகளில் வேல்ஸ் இனங்களும் முழுக் குதிரைகளும் இழுத்தன. பாதையின் உயரம் எதுவோ, அதற்கேற்ற இனம். பிறகு இயந்திரமும் நகரும் பட்டையும் வந்தன. 1994இல் நார்தம்பர்லாந்தின் எல்லிங்டனிலிருந்து அரசுச் சுரங்கங்களின் கடைசிக் குதிரைகள் மேலேறின. பட்டினித் தீவுக்கும் தாழ்ந்த பாதைக்கும் அமைந்த அந்த உடம்பு இப்போது செழித்த புல்வெளியில் மேய்கிறது. அதிகம் தின்றால் குளம்புக்குள் அழற்சி கண்டு நொண்டுகிறது. வைத்தியர்கள் சொல்லும் முதல் மருந்து தீனியைக் குறைப்பதுதான்.