சுவர் நகர்ந்தால் நீர் என் செய்யும்?

தேநீர்க் கோப்பையை மேசைமீது வைத்து, அதன் காதைப் பிடித்து மெல்லத் திருப்பிப் பாருங்கள். கோப்பை திரும்பும், நடுவில் மிதக்கும் தேயிலைத் துணுக்கோ திரும்பாது. விடாமல் திருப்பினால் ஓரத்து நீர் முதலில் இழுபடும். நடுநீர் பிறகே அசையும். எங்கள் தோட்டப் பள்ளியில் இதைச் செய்து காட்டியபொழுது ஒரு சிறுவன், "சுவரை ஒட்டிய தண்ணீர் சுவரோடு போகுமா, வழுக்கிவிடுமா, ஐயா?" என்றான். அவ்வினாவில் ஐரோப்பிய அறிஞர்கள் இரு நூற்றாண்டுக்கு மேல் உழன்றனர்.

1687-இல் வெளியான பிரின்சிப்பியாவில், எல்லையற்ற பாய்மத்தினுள் ஓர் உருளை சுழல்வதாகக் கொண்டு நியூட்டன் கணக்கிட்டார். கோள்களை வானச் சுழல்களே இழுத்துச் செல்கின்றன என்ற டேக்கார்ட்டின் கொள்கையைத் தகர்ப்பதே அவர் நோக்கம். ஆனால், கணக்கில் ஒரு பிழை நேர்ந்தது. அடுக்குகளின் விசையைச் சமப்படுத்தினாரேயன்றித் திருப்புதிறனைச் சமப்படுத்தவில்லை. இதனை 1845-இல் சுட்டியவர் ஸ்டோக்ஸ். நியூட்டனும் தவறினார் என்பதை நான் மாணாக்கரிடம் மறைப்பதில்லை. அவர்களுக்கு அது பெரிய ஆறுதல்!

1800-இல் கூலோம், நீரில் அலைவுறும் தட்டுக்குக் கொழுப்புப் பூசிப் பார்த்தார். அதன்மேல் மணற்கல் தூளையும் தூவிப் பார்த்தார். தடை ஏறக்குறைய மாறவேயில்லை. அப்படியிருந்தும் 1822-இல் நேவியர், நீர் சுவர்மீது ஓரளவு வழுக்கலாம் என இடம் வைத்தார். முதலில் தயங்கிய ஸ்டோக்ஸ், 1851-இல் ஊசல்பற்றி எழுதியபொழுது வழுக்காமையை ஏற்றார். 1890-இல் கூவெட் ஓருருளைக்குள் மற்றோருருளையைக் கம்பியில் தொங்கவிட்டு, வெளியுருளையைச் சுழற்றினார். கம்பி முறுகிய அளவே நீரின் பாகுநிலையைத் தந்தது. 1923-இல் ஜி. ஐ. டெய்லர் உள்ளுருளையைச் சுழற்றினார். வேகம் ஓரெல்லையைக் கடந்ததும் வளையச் சுழல்கள் அடுக்கடுக்காக எழுந்தன. வழுக்காமையை அடிப்படையாகக் கொண்ட அவர் கணக்கும் சோதனையும் ஒத்துநின்றன. ஐயம் அதன்பின் வலுவிழந்தது.

கணினி வந்ததும் சுவர், எண்ணாக மாறிற்று. மூடிமட்டும் பக்கவாட்டில் ஓடும் சதுரப் பெட்டியினுள் நீர் எப்படிச் சுழலும் என்பதை 1961-இல் சப்பானியர் கவகுத்தி கணித்தார். 1982-இல் கியா முதலிய மூவர் 257-க்கு 257 புள்ளிகள் வரை வைத்துக் கணித்த விடைகளே இன்றும் புதிய மென்பொருள்களுக்கு உரைகல். 2004-இல் பொதுவுடைமையாக வெளியான ஓப்பன்ஃபோம் மென்பொருளின் தொடக்கப் பாடமும் இப்பெட்டியே.

சுவரின் வேகத்தைக் கணினிக்கு உணர்த்தும் வழி எளிது. சுவருக்கு அப்பால் ஒரு பொய்க்கட்டம் இருப்பதாகக் கொள்க. சுவரின் வேகம் 1, உட்கட்டத்து நீரின் வேகம் 0.8 எனில் பொய்க்கட்டத்துக்கு 1.2 இடுவர், இரண்டின் சராசரி சுவரின் வேகமாகும்.

ஆனால் இம்மூடி தன் தளத்திலேயே ஓடுவது. பெட்டியின் வடிவம் மாறுவதில்லை. எஞ்சினின் உந்துதண்டோ இடத்தையே சுருக்கி விரிக்கிறது. இதற்கெனக் கட்டங்களையும் உடன் நகர்த்தும் முறையை 1974-இல் ஹர்ட், ஆம்ஸ்டன், குக் ஆகியோர் வகுத்தனர். இதயத் தடுக்கிதழ்களை ஆராய்ந்த பெஸ்கின், 1972-இலேயே கட்டங்களை அசைக்காமல், சுவரின் விசையை நீரில் ஏற்றும் வேறு வழி கண்டிருந்தார்.

கட்டங்கள் நகரும்பொழுது ஓர் இடர் உண்டு. முகங்கள் கடந்துசெல்லும் கனஅளவைப் பிசகாமல் கணக்கில் கொள்ளாவிடில், இல்லாத நீர் பிறக்கும். இருக்கும் நீர் மறையும். தாமசும் லம்பார்டும் 1979-இல் இதனை ஒரு விதியாகவே வடித்தனர். புதியவர் செய்யும் பிழை இன்னும் எளியது: கட்டங்களை நகரவிட்டு, சுவரின் வேகத்தைச் சுழியம் என்று எழுதிவிடுவர். கணினி மறுத்துரைக்காது. நீர் சுவரை ஊடுருவிச் செல்லும். படமோ அழகாகவே இருக்கும்.

நேவியரையும் முற்றும் தள்ளிவிட இயலாது. மிக மெலிந்த வாயு சுவர்மீது வழுக்கவே செய்யும் என்று 1879-இல் மாக்ஸ்வெல் கணித்துக் காட்டினார். சிறுவனுக்கு, "தண்ணீர் போகும், மெலிந்த காற்று கொஞ்சம் வழுக்கும்" என்றேன். அவன் மறுபடியும் கோப்பையைத் திருப்பத் தொடங்கினான்.